கழுவ முக்கால் மணி நேரம்

நோர்வேயில் சாப்பாட்டுக் கடைகளுக்குள் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது ஒரு கோடை காலத்தில். நான் சொல்லப்போவது அந்தக் கோடை முடிந்து வந்த இலையுதிர் காலத்தில் நடந்தது. அந்தச் சட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒஸ்லோ நகரத்துக்குள் ஒரு கடையில் பதினொரு வருடம் கோப்பை கழுவினேன். சாம்பல் தட்டுதான் எனக்கு ஆகாத சாமான். எந்தச் சவர்க்காரம் போட்டாலும் அந்த வாடை நகக்கண்ணில் நிற்கும். சட்டம் வர இரண்டு மாதம் இருக்கும்போது நான் அந்த வேலையை விட்டேன். எனக்குப் பிறகு வந்த சோமாலிக்காரர் இரண்டு மாதம் மட்டும் சாம்பல் தட்டுக் கழுவிவிட்டு அந்தத் தொல்லையிலிருந்து தப்பிவிட்டார். பதினொரு வருடத்தையும் நான் கழுவி முடித்திருந்தேன்.

கடையை விட்டு ஒரு கல்லூரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். மூன்றாம் மாடி என் பொறுப்பு. நீளமான நடைவழி, நான்கு வகுப்பறை, கடைசியில் இரசாயன ஆய்வுகூடம். கூட்ட வேண்டும், துடைக்க வேண்டும், குப்பை எடுக்க வேண்டும், பெரிய கண்ணாடிச் சாமான்களை இயந்திரத்தில் போட்டு எடுக்க வேண்டும். வாக்ட்மெஸ்தர், அதாவது கட்டடப் பராமரிப்பாளர், முதல் நாள் இவ்வளவையும் விரல் விட்டுச் சொன்னார். நான்கு விரலோடு முடிந்தது. எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்தது. யாராவது வேலையை விரல் விட்டுச் சொன்னால் எனக்கு நல்லது, மறக்காது.

இரசாயனம் படிப்பிக்கும் ரீச்சர் ஆவணி மாதம் வந்தார். தமிழ்நாட்டுக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் நாள் நான் துடைத்துக்கொண்டிருந்த ஈரத்தில் கால் வைக்காமல் ஓரமாக நின்று கேட்டார்.

"நீங்க தமிழா?"

"ஓம்."

"எந்த ஊரு?"

"மன்னார். இப்ப ரொம்சோஸ்."

"மன்னார் தெரியும், மேப்ல பார்த்திருக்கேன். ரொம்சோஸ் எங்க இருக்கு?"

ரொம்சோஸ் ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம், மேற்குப் பக்கம் குடியிருப்பவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ரயிலில் கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே என்றேன். அவர் சிரித்துவிட்டு, நான் கதைப்பது மலையாளம் போல இருக்கிறது என்றார். எனக்கு அவர் கதைப்பது படத்தில் கதைப்பது போல இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

அவருக்குக் கொடுத்திருந்த வேலை இதுதான். எங்கள் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவார்கள். போகும்போது இங்கே படித்த பாடங்களை அங்கே ஏற்றுக்கொள்வார்கள், ஒரு பாடத்தைத் தவிர. அதை ரீச்சர் கரிம வேதியியல் என்பார். என் பெறாமகள், அதாவது சகோதரனின் மகள், சேதன இரசாயனம் என்பாள். இரண்டும் ஒன்றுதானாம். அந்தப் பாடத்தை மட்டும் பிள்ளைகள் அங்கே போய் முதலிலிருந்து படிக்க வேண்டும். ஒரு வருடம் வீண். அதனால் அந்தப் பாடத்தைப் புதிதாக அமைக்க ரீச்சரைப் போட்டார்கள். பல்கலைக்கழகம் பார்த்துச் சரி என்று சொன்னால் அந்த முதல் வகுப்பில் இருந்த பதினெட்டுப் பேரும் நேரே போகலாம். சொல்லாவிட்டால் பதினெட்டுப் பேருக்கும் அந்த வருடம் போச்சு. ரீச்சரின் வேலையும் தற்காலிகம்தான். ஆனால் அதைப் பற்றி அவர் ஒரு நாளும் கதைத்ததில்லை. பதினெட்டு, பதினெட்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

புத்தகப் பாடம் பிரச்சினை இல்லையாம். அங்கே என்ன அத்தியாயமோ இங்கேயும் அதே அத்தியாயம். சோதனையும் அப்படியே. செய்முறை வகுப்புத்தான் அவர்கள் கிண்டிப் பார்ப்பார்கள். எத்தனை செய்முறை, எத்தனை மணி நேரம், ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் செய்ததா என்று கேட்பார்கள். ரீச்சர் பன்னிரண்டு செய்முறை எழுதினார். ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி நேரம். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ரீச்சருக்கு மூன்றாம் மாடியில் தமிழ் கதைக்க என்னை விட்டால் ஆள் இல்லை. கோப்பிக் குவளையோடு வந்து நடைவழியில் நின்று சொல்வார். நான் துடைத்துக்கொண்டு கேட்பேன்.

முதல் செவ்வாய்க்கிழமை வகுப்பு நடக்கும்போது நான் கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். பிள்ளைகள் அலுமாரியைத் திறந்து குடுவை தேடினார்கள். ஒருத்தன் எடுத்தது அழுக்கு. இன்னொருத்தி எடுத்ததில் மூடி பொருந்தவில்லை. ரீச்சர் மேசைக்கு மேசை ஓடினார். மற்ற நோர்வே ஆசிரியர்களின் வகுப்பிலும் இதுதான் நடக்கும், அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் எனக்கு மனம் கேட்கவில்லை. எங்களில் ஒரு பெண் இவ்வளவு தூரம் வந்து இவர்களுக்கு முன்னால் நின்று படிப்பிக்கிறார், அவருடைய மேசை இப்படிக் கிடக்கலாமா என்று தோன்றியது.

அடுத்த கிழமையிலிருந்து நானே செய்யத் தொடங்கினேன். திங்கட்கிழமை பின்னேரம் எல்லாவற்றையும் நானே திரும்பக் கழுவினேன். சீக்கிரம் உலர அசற்றோன் என்ற திரவம் ஊற்றி அலசி, உலர்த்தும் அடுப்பில் அடுக்கிவிட்டுப் போவேன். செவ்வாய் காலை ஆறு மணிக்கு வந்து பதினெட்டு இடத்திலும் வைப்பேன். முதலில் தாங்கி, பிறகு குடுவை, அதற்கு மேலே ஒடுக்கி. ஒடுக்கி என்பது ஆவியைத் திரவமாக்கும் நீளக் கண்ணாடிக் குழாய், அதைக் குளிர வைக்கும் தண்ணீர் கீழால் போய் மேலால் வர வேண்டும். ஒரு தரம் பார்த்தால் எனக்குப் போதும். கடைக்கு முன்னர் நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் இருந்தபோதும் மீன் வெட்டும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்ட ஒரு தரம்தான் காட்டினார்கள். அங்கே ஒரு மேற்பார்வையாளர் இருந்தார், கையில் எப்போதும் நிறுத்துக் கடிகாரம். நாங்கள் கையுறை மாற்றுவதைக்கூட அளப்பார். அப்போது அவரை எங்களுக்குப் பிடிக்காது. அவரிடமிருந்துதான் நான் எதையும் நிமிடத்தால் பார்க்கப் பழகினேன் என்பது பிறகுதான் விளங்கியது.

வகுப்பு நன்றாக நடந்தது. வாழைப்பழ மணம் வரும் ஒரு திரவம் செய்தார்கள், மூன்றாம் மாடி முழுக்க மணத்தது. தலைவலிக் குளிசை செய்தார்கள். எல்லாம் பன்னிரண்டுக்குள் முடிந்தது. பிள்ளைகள் எல்லாவற்றையும் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். நான் கழுவுவேன். ரீச்சர் ஒவ்வொரு கிழமையும் கொப்பியில் எழுதுவார், மூன்று மணி நேரம், முடிந்தது, மூன்று மணி நேரம், முடிந்தது. அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகத்துக்குத் திட்டத்தை எழுதி அனுப்பினார்.

வீட்டில் இதை ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"இஞ்சருங்கோ, உங்களை ஆர் கேட்டது?" என்றாள் மனைவி.

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"பதினெட்டுப் பேற்றை சாமான் கழுவி வைக்கிறியள். இந்த வீட்டிலை ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவினியளோ?"

"அது வேலை, இது வீடு."

"அதுவும் உங்கடை வேலை இல்லை எண்டுதானே சொல்லுறியள்."

அன்று என் கோப்பையைக் கழுவி வைத்தேன். அவள் அதை எடுத்துத் திரும்பவும் கழுவினாள்.

கார்த்திகை மாதம் மேற்குக் கரையில் பேர்கன் நகரத்தில் ஒரு செத்தவீடு. மீன் தொழிற்சாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர். அறையில் பாட்டுப் போடக் கூடாது என்று என்னோடு சண்டை பிடித்தவர், பிறகு தானே வானொலி வாங்கியவர். திங்கட்கிழமை பகல் முழுக்க ரயிலில் போனேன். மலைக்கு மேலே ஒரே வெள்ளை. செவ்வாய்க்கிழமை மாதா கோவிலில் பூசை, பிறகு அடக்கம். அன்று ஆய்வுகூடத்தைப் பற்றி நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் என்ன செய்ய முடியும்?

வியாழக்கிழமை வேலைக்குப் போனபோது ரீச்சர் நடைவழியில் நின்றார். கையில் கோப்பி இல்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். செவ்வாய்க்கிழமை காலையில நீங்க லேப்ல என்ன பண்ணுவீங்க?"

"கூட்டித் துடைக்கிறனான், ரீச்சர்."

"அப்புறம்?"

"பிறகு மேசையளுக்குச் சாமான் எடுத்து வைக்கிறனான்."

"யார் வைக்கச் சொன்னாங்க?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

அவர் அங்கேயிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். நான் இல்லாத அந்தச் செவ்வாய்க்கிழமை, தேயிலையிலிருந்து கஃபீன் பிரிக்கும் செய்முறை. பன்னிரண்டு மணிக்குப் பாதிப் பேர் தொடங்கவே இல்லை. அவர் பிள்ளைகளை ஏசியிருக்கிறார். நகரத்தின் தெற்கே மோர்டென்ஸ்ருட்டிலிருந்து வரும் எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒன்று அந்த வகுப்பில் இருந்தது. அது எழும்பிச் சொல்லியிருக்கிறது, "மிஸ், இண்டைக்கு மேசையிலை ஒண்டும் இருக்கேல்லை. மற்ற நாள் எல்லாம் பொருத்திப் பூட்டித்தானே இருக்கும். அது ஸ்கூலின்ரை ஏற்பாடு எண்டு நினைச்சம்."

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும் ஐயா," என்றார் ரீச்சர். "எல்லா வாரமும் கண்ணால பார்த்தேன். எங்க காலேஜ்ல ஒரு அட்டெண்டர் இருந்தார். நாங்க உள்ள போனா எல்லாம் ரெடியா இருக்கும். லேப்னா அப்படித்தான்னு எனக்குள்ள பதிஞ்சு போச்சு. இங்க அட்டெண்டரே கிடையாதுன்னு தோணவே இல்ல."

"நானும் ரீச்சரின்ரை வகுப்பு எண்டால் அப்பிடித்தான் வைக்கவேணும் எண்டு நினைச்சிட்டன்."

அவர் சிரித்தார். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"பன்னிரண்டு எக்ஸ்பெரிமெண்ட், மூணு மூணு மணி நேரம்னு எழுதி அனுப்பியாச்சு. ரெண்டு வாரத்துல நேர்ல பார்க்க வர்றாங்க. அந்த மூணு மணி நேரம் பொய்."

"அதுக்கென்ன, ரீச்சர். அண்டைக்கும் நான் வைச்சு விடுறன். ஆருக்குத் தெரியப் போகுது?"

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருசமும் நான்தானே இஞ்சை."

"நீங்க பேர்கன் போனா?"

நான் வாளியை ஓரமாக நகர்த்தினேன்.

"அதை விடுங்க. இவங்க யூனிவர்சிட்டிக்குப் போய் நிப்பாங்க. குடுவையை எங்க மாட்டறதுன்னு தெரியாம, பதினெட்டு பேரும். அங்க யாரு ஐயா வந்து மாட்டித் தருவா?"

நான் செய்தது உதவி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு அது உதவியாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகள் பத்துக் கிழமையாகத் தங்கள் கையால் ஒரு குடுவையைக்கூடப் பூட்டவில்லை. பல்கலைக்கழகம் முக்கியமாகக் கேட்கப்போவதே அதுதான், தன் கையால் செய்ததா என்று.

அன்று மத்தியானம் என் இடைவேளையில் ரீச்சர் கொப்பியோடு வந்தார். "நீங்க ஒண்ணொண்ணுக்கும் எவ்வளவு நேரம் எடுக்கறீங்கன்னு சொல்லுங்க."

"எனக்கோ, பிள்ளையளுக்கோ?"

"பசங்களுக்கு."

"எனக்கு ஒரு குடுவைக்கு ஒரு நிமிசம். அவைக்கு மூண்டு. தேயிலைக் கறை எண்டால் ஐஞ்சு. அசற்றோன் விட்டு அடுப்பிலை வைச்சால் இருபது நிமிசம், அது எனக்கும் ஒண்டுதான், அவைக்கும் ஒண்டுதான். அடுப்பு ஆளைப் பாக்காது. பூட்டப் பத்து நிமிசம். முதல் நாள் இருபது."

அவர் எழுதினார். நான் கோப்பை கழுவிய கடையில் ஒரு தட்டு அடுக்குக்கு இத்தனை நிமிடம் என்று எனக்குள் எப்போதும் ஒரு அளவு ஓடும். அதைக் கேட்டு யாரும் எழுதியதில்லை. ஒரு பிள்ளைக்கு ஐந்து சாமான் என்று கூட்டிப் பார்த்தபோது முக்கால் மணி நேரம் வந்தது. ரீச்சர் மூன்று செய்முறையை வெட்டினார். மிச்சம் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் நான்கு மணி நேரம். மொத்த நேரம் முன்பு இருந்த அதே அளவுதான். வெட்டியதில் ஒன்று வாழைப்பழ மணத் திரவம்.

"அதையே வெட்டுறியள்?" என்று கேட்டேன்.

"மூக்குக்கு மார்க் கிடையாது ஐயா."

திருத்திய திட்டத்தோடு ஒரு கடிதமும் அனுப்பினார். முன்பு எழுதிய நேரம் பிழை, சாமான்கள் ஆயத்தம் செய்யப்பட்ட நிலையில் அளந்தது என்று அதில் எழுதியதாகச் சொன்னார். துறைத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. வருகைக்குப் பத்து நாள் இருக்கும்போது தங்கள் பிழையைத் தாங்களே எழுதுவதா என்று கேட்டாராம். ரீச்சர் அனுப்பிவிட்டுத்தான் அவரிடம் சொல்லியிருந்தார்.

அவர்கள் வரும் செவ்வாய்க்கிழமை நான் வழக்கம் போல ஆறு மணிக்குப் போனேன். ஆய்வுகூடத்தைக் கூட்டினேன். பிறகு பார்த்தால் முதல் மேசையில் தாங்கி நிற்கிறது, குடுவை பூட்டியிருக்கிறது, என் கையில் ஒடுக்கி. எப்போது அலுமாரியைத் திறந்தேன் என்று தெரியாது. எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைத்து அலுமாரியைச் சாத்திவிட்டு நடைவழிக்கு வந்தேன்.

ஒன்பது மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். நரைத்த தலையோடு உயரமான ஒரு பெண், அவர்தான் பேராசிரியர். கூட ஒருவர், எழுதுவதற்கு. அன்றைய செய்முறை மக்னீசியச் சீவலில் ஈதர் ஊற்றிச் செய்வது. ஒரு துளி தண்ணீர் ஒட்டியிருந்தாலும் அது நடக்காது. இருந்ததில் கடினமானதையே ரீச்சர் அன்றைக்கு வைத்திருந்தார்.

நான் கதவுக்கு வெளியே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் கழுவினார்கள். மெதுவாகத்தான் கழுவினார்கள். ஒருத்தன் ஒடுக்கியை உடைத்தான், புதிது எடுத்து முதலிலிருந்து தொடங்கினான். தண்ணீர்க் குழாயை மேலும் கீழும் மாற்றிப் பூட்டியவர்கள் இரண்டு பேர். ரீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், ஒன்றையும் தொடவில்லை. கழுவி, அடுப்பிலிருந்து எடுத்துப் பூட்டி முடிக்க ஐம்பது நிமிடமாகிவிட்டது. எழுதியதை விட ஐந்து நிமிடம் கூட.

பிறகு ஈதர் ஊற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பேராசிரியர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினெட்டுக் குடுவையிலும் சீவல் அப்படியே கிடந்தது. மோர்டென்ஸ்ருட் பிள்ளை தன் குடுவையின் அடியை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தது, குளிரில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிப்பது போல. கொஞ்ச நேரத்தில் அதில் சாம்பல் நிறமாகக் கலங்கி, குமிழ் வந்தது. மற்றவர்களும் பார்த்துவிட்டுக் கையால் பிடித்தார்கள். ஒவ்வொன்றாகக் கலங்கியது. இரண்டு பேருக்கு மட்டும் வரவில்லை. அவர்கள் ஈரத்தோடு பூட்டியிருக்கிறார்கள். அவர்களிடம் பேராசிரியர், ஏன் வரவில்லை என்று கேட்டார். சரியான காரணத்தைச் சொன்னார்கள்.

ஒரு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது எல்லாம் முடிந்து தொட்டி வெறுமையாக இருந்தது. பேராசிரியர் திட்டத்தாளை எடுத்து ரீச்சரிடம் கேட்டார், "இந்த முக்கால் மணி நேரம் எங்கிருந்து வந்தது? இதை ஒருவரும் எழுதுவதில்லை."

ரீச்சர் கதவைக் காட்டினார். பேராசிரியர் வாளியைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"நீங்கள்தான் மேசை தயார் செய்தவரா?"

"ஆம்."

"இதை எதைக் கொண்டு அளந்தீர்கள்?"

நான் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைக் காட்டினேன். பதினொரு வருடம் கோப்பை கழுவினேன் என்று எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"நன்றாகச் செய்திருக்கிறீர்கள். இனிமேல் செய்யாதீர்கள்."

டிசம்பரில், நத்தாருக்கு முந்தின கிழமை கடிதம் வந்தது. ரீச்சர் அதை நடைவழியில் நின்று வாசித்தார். ஏற்றுக்கொண்டிருந்தார்கள், அந்த முதல் பதினெட்டுப் பேரையும் சேர்த்து. ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு செய்முறைத் தாளின் தலைப்பிலும் கழுவி, உலர்த்தி, பூட்டும் முக்கால் மணி நேரத்தை எழுதியே ஆக வேண்டும், அதை மாணவரே செய்ய வேண்டும், வேறு எவரும் செய்யக் கூடாது. "வேறு எவரும்" என்ற இடத்தை ரீச்சர் இரண்டு தரம் வாசித்தார்.

"உங்களைத்தான் ஐயா சொல்றாங்க."

"விளங்குது, பிள்ளை."

அன்று முதல் முறையாக அவரைப் பிள்ளை என்று சொல்லிவிட்டேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ரீச்சருக்கு வேலை நிரந்தரமானது. நான்கு வருடம் இருந்துவிட்டு, கணவருக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நானும் ஓய்வு எடுத்துவிட்டேன். போன கிழமை ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில், ஒரு பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல் நன்மை விருந்தில், அந்தக் கல்லூரியில் இப்போது படிக்கிற ஒரு பெடியனைக் கண்டேன். அந்தத் தாளில் இன்னும் அந்த முக்கால் மணி நேரம் இருக்கிறதாம். முன்பு இருந்த யாரோ ஒரு ஆசிரியருக்கு அழுக்குப் பயமாம், அதனால் போட்டதாம் என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம். நடந்த உண்மையை நான் சொல்லத் தொடங்கமுதல் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அங்கே படிக்கிறவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் ஒன்று சொல்லிவிடுங்கள். ரீச்சருக்கு அழுக்குப் பயம் இல்லை. துப்புரவுக்காரன் ஒருத்தன் கேட்காமல் செய்த வேலையால் பிழையாய்ப் போன கணக்கை அவர் தானே எழுதித் திருத்தினார், அந்த நேரம்தான் அது. என் பெயர் தேவையில்லை. ரீச்சரைப் பற்றி மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.